டிக்கி மேலே ஒரு றெக்கை

காருக்கு ஸ்பாய்லர் மாட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மனிதனைப் போல ஆழமாக யோசிக்கிறவன் உலகத்தில் வேறு யாரும் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதுதான் என் தொழில்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாய்லர் என்பது காரின் டிக்கி மூடிமேல் குறுக்காக உட்காரும் ஒரு பலகை. சில வண்டிகளுக்குக் கம்பெனியிலிருந்தே வரும். வராத வண்டிக்கு எங்களைப் போன்ற கடைகளில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஓசூரில், ராயக்கோட்டை ரோட்டில், தக்காளி லாரிகள் ஒதுங்கி நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கடை. முதலாளி நாகேஷ் விற்பார். நான் வண்டியின் நிறத்துக்குச் சேர்கிற மாதிரி பெயிண்ட் அடிப்பேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஃபேக்டரிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவன் நான். கான்ட்ராக்ட் போனது, நான் போகவில்லை. பெயிண்ட் வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இந்த ரோட்டில் பகலில் அடித்தால் பெயிண்டில் பாதி புழுதி. அதனால் என் வேலை ராத்திரி. பகலில் தூங்க வேண்டும். தூக்கம் வராது. புரண்டு படுப்பதற்குப் பதில் எழுந்து கடைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். ராத்திரி ஷிப்ட் பார்க்கிற உங்களுக்கு இது தெரியும். பகல் நமக்கு அடுத்த வீட்டுக் கல்யாணம் மாதிரி. மேளச் சத்தம் கேட்கும், பந்தியில் நமக்கு இலை கிடையாது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வாய் பிளந்து பார்த்தவைதான் இவை.

கோணல்

செல்வம் ஒரு ஃபேக்டரியில் டூல் ரூமில் இருப்பவர். தலைமுடி கனத்தைக்கூட விட்டுக்கொடுக்காத வேலை. அவருடைய காருக்கு ஸ்பாய்லர் பெயிண்ட் ஆகித் தயாராக இருந்தது. ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. வந்தவர் பையைத் திறந்து டயல் கேஜை எடுத்தார். காந்தக் கால் வைத்த அந்த முள் கடிகாரத்தை டிக்கிமேல் நிறுத்தி, இடது லைட்டிலிருந்து அளந்தார், வலது லைட்டிலிருந்து அளந்தார். ஸ்பாய்லரை ஒரு இம்மி இடதுபக்கம் தள்ளச் சொன்னார். தள்ளினேன். பின் கண்ணாடியிலிருந்து அளந்தார். இம்மி வலதுபக்கம் தள்ளச் சொன்னார். லைட்டுக்குச் சரியாக இருந்தால் கண்ணாடிக்குச் சரியில்லை. கண்ணாடிக்குச் சரியென்றால் பம்பருக்குச் சரியில்லை. நாகேஷ் எட்டிப் பார்த்து, பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, "ஏனு குரு, மாட்டறது காருக்கா ராக்கெட்டுக்கா?" என்றார்.

செல்வத்துக்குக் காதில் விழவில்லை. அவர் ஸ்பாய்லரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வெறும் வண்டியை அளக்க ஆரம்பித்தார். வெயில் சாய்ந்து அவர் நிழல் பக்கத்துக் கடைவரை நீண்டது. கடைசியில் நிமிர்ந்தவரின் முகத்தில் கோபம் இல்லை. பெரிய கோபுரத்தை முதல் தடவை அண்ணாந்து பார்த்தவன் முகம் மாதிரி இருந்தது. டிக்கி மூடியே ஒரு நூல் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது. லைட்டும் அப்படித்தான். எதுவும் எதற்கும் நேரில்லை. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் வண்டி அழகாக, நேராக நிற்கிறது. நானும் அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கேஜைப் பையில் வைத்து மூடிவிட்டுச் சொன்னார்: "அண்ணே, வண்டி பொறந்ததுலேந்தே கோணல்ண்ணே. இது தெரியாம நான் இத்தனை வருஷமா நேரா போயிட்டிருந்திருக்கேன். கண்ணால பாத்து ஒட்டிருங்க."

நூல் கட்டிய கார்

ஒட்டிய மறுவாரம் செல்வம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "இது நெஜமாவே ஏதாச்சும் செய்யுதாண்ணே, இல்ல சும்மா உக்காந்திருக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை பலகைக்குப் பெயிண்ட் அடித்திருப்பேன், ஒரு தடவைகூடத் தோன்றாத கேள்வி. அன்று பகல் தூக்கம் சுத்தமாகப் போயிற்று. போனில் எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரன் காரில் நூல் ஒட்டிக் காற்றைப் பார்ப்பது வந்தது. பூ கட்டுகிற நூலை விரல் நீளத்துக்கு நறுக்கி, கூரையிலிருந்து பின் கண்ணாடி வழியாக டிக்கி முனைவரை வரிசை வரிசையாக ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கிருஷ்ணகிரி ஹைவேயில் செல்வம் முன்னால் போக, நாகேஷின் வேனில் நானும் அவரும் பின்னால் போனோம்.

மெதுவாகப் போகும்போது நூல்கள் தூங்கி வழிந்துகொண்டு தொங்கின. வேகம் ஏற ஏறக் கூரையில் இருந்தவை படிய வாரிய தலை மாதிரி பின்பக்கம் படிந்தன. ஆனால் கண்ணாடிக்குக் கீழே இருந்தவை துடித்தன, சுழன்றன. சில நூல்கள் அப்படியே திரும்பி முன்பக்கத்தைக் காட்டின. வண்டி முன்னால் ஓடுகிறது, காற்று அதன் பின்னாலேயே திரும்பி வந்து முதுகில் ஏறுகிறது! ஸ்பாய்லர் முனையில் இருந்த நூல்கள் மட்டும் கொஞ்சம் அடங்கி, அங்கிருந்து ஒழுங்காகக் கிளம்பின. எவ்வளவு காலம் ஸ்ப்ரே கன்னில் காற்றைப் பிடித்துப் பிழைத்திருக்கிறேன்! அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏனென்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊருக்குள் போகிற வேகத்தில் அந்தப் பலகை ஒன்றும் செய்வதில்லை, ஹைவே வேகத்தில்தான் ஏதோ கொஞ்சம் செய்கிறது என்பதும் அன்றுதான் புரிந்தது. சூளகிரியில் டீக்கு நிறுத்தினோம். ஒரு லாரி டிரைவர் செல்வத்தின் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நாங்க எலுமிச்சம்பழத்தோட நிறுத்திக்குவோம். இது எந்தக் கோயில்ல கட்டி விட்டாங்க?"

ரோஜாக்காரர்

ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பெரிய பைபர் றெக்கையாகக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு போனார். கனம் அதிகம், டிக்கி ஸ்பிரிங் தாங்காது என்று நாங்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பூக்கட்டை ஏற்றக் குனிந்தவரின் தலையில் மூடி வந்து இறங்கியிருக்கிறது. நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தார். திட்டப்போகிறார் என்று நாகேஷ் உள்ளே போய்விட்டார். ரோஜாக்காரர் என்னவோ மரியாதையாக, புதுசாக வேலைக்கு வந்த அதிகாரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்: "முன்னெல்லாம் டிக்கிய நான் தொறப்பேன் சார். இப்ப அதுக்கு இஷ்டமிருந்தாத்தான் தொறக்குது."

இரண்டு மூட்டை யூரியா

முனிராஜ் அண்ணாச்சி கெலமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். தக்காளி, குடைமிளகாய் போடுகிற விவசாயி. ஒரு வெள்ளைக் காரைக் கடை வாசலில் ஏறுக்கு மாறாக நிறுத்திவிட்டு இறங்கினார். "இருக்கறதுலயே பெருசா ஒண்ணு மாட்டுங்க" என்றார். நாகேஷ் முகம் மலர்ந்தது. எனக்கு ரோஜாக்காரரின் பிளாஸ்திரி ஞாபகம் வந்து, டிக்கி ஸ்பிரிங்கைப் பார்க்கலாம் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு மூட்டை யூரியா.

எடுக்க மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். இல்லை. அது அங்கேயே இருக்கத்தான் வைத்திருக்கிறார். கதையை அவரே சொன்னார். கார் மகள் சௌமியாவுடையது. ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டியில் வேலை பார்க்கிறாள். போன மழையில் வேலை முடிந்து வரும்போது ஊர் வளைவில் வண்டியின் பின்பக்கம் சறுக்கி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. பெண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் இறங்கிய இடம் அவருடைய அண்ணன் தக்காளித் தோட்டம். குச்சி கட்டி நிறுத்திய செடி ஒரு வரிசை சாய்ந்துவிட்டது. அண்ணன் அன்றைக்கே வாசலில் வந்து நின்று, பொட்டப் புள்ளை கையில் காரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஊர் கேட்கப் பேசிவிட்டார். சௌமியாவின் அம்மா ரத்னம்மா சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். கம்பெனி பஸ் அந்த ஊருக்குள் வராது. கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், அண்ணன் கையில் ஒரு மாப்பிள்ளை ஜாதகம் தயாராக இருக்கிறது.

"நம்ம டிராக்டர் முன்னாடி தூக்கினா முன்னாடி வெயிட் கட்டுவோம்ல? இது பின்னாடி சறுக்குது. அதான் மூட்டை" என்றார். அவர் மச்சான் ஒருவர், ஸ்பாய்லர் மாட்டினால் காற்றே வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அண்ணாச்சிக்குத் தூக்கம் வந்திருக்கிறது. ஒரு தகப்பன், மகளைத் தரையில் பிடித்து வைக்கக் காற்றை விலைக்கு வாங்க வந்திருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாகேஷ் அதற்குள், "சும்மா உடும்பு மாதிரி பிடிக்கும் சார்" என்று வெள்ளைக்கு ஆர்டரே போட்டுவிட்டார். அண்ணாச்சி கிளம்பும்போது என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஏன் பெயிண்டர், இத மாட்டிட்டா மூட்டைய எறக்கிடலாம்ல? பயிருக்குப் போடணும்."

உருண்டை

வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று பெயிண்டரைக் கேளுங்கள். பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, வெயிலில் காய்ந்த வெள்ளை. சௌமியாவின் காருக்குச் சேர்வதற்குள் மூன்று தடவை கலக்கினேன். ரோஜாக்காரர் தலையை நினைத்து லேசான பிளாஸ்டிக் பலகையாகத்தான் எடுத்தேன். காலையில் அது கம்பியில் தொங்கியபடி, ரோட்டில் போகிற லாரிகளையெல்லாம் தன் மேல் ஓட விட்டுக்கொண்டிருந்தது. நானே அடித்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் நகர முடியவில்லை.

அன்று அண்ணாச்சி மகளோடு வந்தார். சௌமியா தொங்குகிற பலகையின் முன்னால் போய் நின்றாள். அதில் அவள் முகம் நீளமாகத் தெரிந்தது.

"நல்லாருக்காம்மா?" என்று நாகேஷ் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் கோவமா வருது" என்றாள்.

அப்பா டீ சொல்லப் போனதும் என்னிடம் வந்தாள். காரின் பின் டயரை ஷூ முனையால் தட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். வழுக்கைத் தலை. மழைத் தண்ணீர் போக ஒரு கோடு பாக்கியில்லை. முன் டயர் இரண்டும் புத்தம் புதுசு. அப்பா போன வருஷம் இரண்டு டயர் வாங்கி, முன்னால்தானே எஞ்சின் இழுக்கிறது என்று முன்பக்கம் போட்டுவிட்டார். நம்மில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். முன்பக்கம் பிடிக்கிறது, பின்பக்கம் மழையில் வழுக்கிக்கொண்டு போகிறது. அவள் வேகமாக வந்ததால் சறுக்கவில்லை. வளைவில் மாடு நின்றதென்று பிரேக் தொட்டதற்குச் சறுக்கியிருக்கிறது.

"இத வீட்ல சொல்லலையாம்மா?" என்றேன்.

ஒரு நாளைக்கு எத்தனையோ பீஸைப் பார்த்து இது சரி, இது சரியில்லை என்று தள்ளுகிற பெண். அவள் சொல்லை ஃபேக்டரியில் லைன் முழுக்கக் கேட்கிறது. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் குரல் சிரிக்கவில்லை: "சறுக்கறதுக்கு முன்னாடிலேந்து சொல்றேண்ணா. டயர் உருண்டையாத்தான இருக்குன்றாங்க."

வேகமா போனாத்தான்

டீ வந்தது. அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ பொய் சொல்ற மூஞ்சி இல்ல. சொல்லு. இது பிடிக்குமா பிடிக்காதா?"

நாகேஷ் கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நூல் கதையைச் சொன்னேன். மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை அண்ணாச்சி, ஹைவேயில் வேகமாகப் போனால்தான் அதன் வேலையே ஆரம்பிக்கும், அதுவும் கொஞ்சம்தான் என்றேன். அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். அந்த யோசனையைப் பார்க்க வேண்டுமே. டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது.

"வேகமா போனாத்தான் பிடிக்கும்னா, மெதுவா போற புள்ளைக்கு இது எதுக்கு? வேகமா போற புள்ளைக்கு நான் எப்பிடி இத வாங்கிக் குடுப்பேன்?"

இந்தக் கடையில் ஸ்பாய்லரைப் பற்றி என்னென்னவோ பேசியிருக்கிறார்கள். இந்த மாதிரி இரண்டே வரியில் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி வைத்தவர் யாரும் இல்லை.

ஆனால் டயரை மாற்றலாமே என்றால் அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். டயர் மாற்றினால் வீட்டில் யார் கண்ணுக்குத் தெரியும்? ஏதோ செய்தாயிற்று என்று வீட்டுக்காரிக்குக் காட்டினால்தான் சாவி வெளியே வரும். நாகேஷ் இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தார். ஓடி வந்து, டயரையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள், ஸ்பாய்லரால்தான் சறுக்கல் நின்றது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், சாவி கைக்கு வந்துவிடும் என்றார். நல்ல யோசனைதான். எனக்கே ஒரு நிமிஷம் பிடித்துப்போயிற்று. சௌமியா அப்பாவையே பார்த்தாள். அண்ணாச்சி ஆடையை ஊதித் தள்ளிவிட்டு, ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார்: "அவகிட்ட பொய் சொல்லிட்டு நான் எந்த ஊட்டுல போய் சோறு திங்கறது? அவளையே இட்டுக்கினு வரேன். அவளே பாத்துச் சொல்லட்டும்."

தேய்ந்த செருப்பு

இரண்டு நாள் கழித்து, மழை தூறிக்கொண்டிருந்த காலையில் மூன்று பேரும் வந்தார்கள். அண்ணாச்சி ஓட்டி வந்தார். ரத்னம்மா இறங்கியதும் முதல் வேலையாகக் கணவரிடம் கையை நீட்டினார். சாவி திரும்ப இடுப்புக்குப் போனது.

நாகேஷ் சும்மா இருப்பாரா? வண்டி நின்றதும் நிற்காததுமாக ஸ்பாய்லரை டிக்கிமேல் டேப் போட்டு நிறுத்திவிட்டார், எப்படி இருக்கும் என்று அம்மா பார்க்கட்டுமே என்று. அந்த வெள்ளையும் இந்த வெள்ளையும் ஒன்றாகிக் கோடே தெரியவில்லை. ரத்னம்மா அதைச் சுற்றி வந்தார். உள்ளங்கையால் தடவினார். பிறகு மகளையோ கணவரையோ நாகேஷையோ கேட்காமல், ஸ்டூலில் இருந்த என்னிடம் கேட்டார். "ஏம்ப்பா, இது இருந்தா வண்டி சறுக்காதா?"

அவருக்குப் பின்னால் நாகேஷ் 'சறுக்காது' என்று சொல் என்பதுபோல் தலையைப் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சௌமியா மட்டும் நேராக என்னைப் பார்த்தாள். நான் 'ஆமாம்மா' என்றால் அவளுக்குச் சாவி இப்போதே கிடைக்கும். இல்லையென்றால் கிடைக்காமலே போகலாம்.

"சறுக்கும்மா" என்றேன்.

ரத்னம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அப்ப எது இருந்தா சறுக்காது?"

நான் வாய் திறப்பதற்குள் சௌமியா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அந்தக் கையை முதலில் முன் டயரில் வைத்தாள். பிறகு பின் டயரில் வைத்தாள். ரத்னம்மா மறுபடி முன்னால் தொட்டார், மறுபடி பின்னால் தொட்டார். களை எடுத்துக் காய்த்த கை. நாங்கள் ஆளாளுக்கு நாள் கணக்கில் பேசியது எல்லாம் அந்தக் கைக்கு ஒரு நொடியில் புரிவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அம்மா எழுந்து, தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். திரும்பக் காலில் மாட்டிக்கொண்டு கணவரிடம் சொன்னார்: "தேஞ்ச செருப்போட எம்புள்ளைய மழையில வரப்பு மேல நடக்க உட்டுட்டு, உங்கண்ணன் அவள ஏசறப்ப பாத்துக்கினு நின்னீங்களா?"

வேடிக்கை

அடுத்த கடையிலேயே பின் டயர் இரண்டும் புதுசாக ஏறின. சாவி இன்னும் இடுப்பில்தான் இருந்தது. புது டயரைத் தொட்டுப் பார்த்த பிறகும் ரத்னம்மா சமாதானம் ஆகவில்லை. "அந்தப் பலகைய எடுங்க. அது இல்லாம எப்பிடிப் போவுதுன்னு நான் பாக்கணும்" என்றார். நாகேஷ் தூக்கு மேடைக்குப் போகிறவர் மாதிரி டேப்பை உரித்தார். ரத்னம்மா சாவியை மகள் கையில் கொடுத்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அண்ணாச்சி பின் கதவைத் திறக்கப் போனார். "நீங்க வேண்டாம்" என்று மட்டும் ரத்னம்மாவின் குரல் வந்தது. கண்ணாடி ஏறுவதற்குள் "மெல்லகா போ" என்று தெலுங்கில் சொன்னது கேட்டது. அது 'மெதுவா போ' என்று புரிகிற அளவுக்கு இந்த ஊரில் நானும் இருந்துவிட்டேன்.

வண்டி மழைக்குள் போய் மறைந்தது. கெலமங்கலம்வரை போய், வண்டி சறுக்கிய அந்த வளைவைத் தாண்டித் திரும்பி வரவேண்டும் என்பது ஏற்பாடு. அண்ணாச்சி என் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், ரோட்டுக்குப் போனார், நனைந்துகொண்டு வந்தார். எத்தனை வருஷமாக இந்த ரோட்டில் கார்களைப் பார்க்கிறேன். ஒரு கார் திரும்பி வருவதற்காக இப்படிக் கழுத்தை நீட்டிக் காத்திருந்ததில்லை. வருகிற வெள்ளைக் காரெல்லாம் அவள் கார் மாதிரியே இருந்தது. ஒவ்வொன்றும் எங்களைத் தாண்டிப் போனது. போன் எடுங்கள் என்றேன். ஓட்டுகிற புள்ளைக்குப் போன் போடக்கூடாது என்றார். அம்மாவுக்குப் போடலாமே என்றேன். அதற்கும் பயம்.

கடைசியில் வந்தது. இண்டிகேட்டர் போட்டு, ரோட்டோரம் ஒதுங்கி, கடை வாசலில் கோடு கிழித்தது போல நின்றது. ரத்னம்மா இறங்கினார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் மழைத்துளி. கையை நீட்டிச் சாவி கேட்கப்போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சௌமியாகூட எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தாள். ரத்னம்மா அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க ஓட்டினா நான் கண்ண மூடிக்கினு வருவேன்" என்றார் அண்ணாச்சியிடம். "இன்னிக்கித்தான் ரோட்டு ரெண்டு பக்கமும் என்னென்ன இருக்குதுன்னு பாத்தேன். மழையில அந்த மலை எம்மாம் நல்லாருக்குது!"

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். நனைந்த முகம்தான், ஆனால் ரொம்ப நேரம் துடைத்தார். சௌமியா சாவியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சின்னச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

நாகேஷ் மட்டும் பலகையை இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். வெள்ளையும் அடித்தாயிற்று, வேறு வண்டிக்கும் போகாது. எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கம்மிய குரலில் கேட்டார். ரத்னம்மா காரில் ஏறப்போனவர் நின்றார். பலகையைப் பார்த்தார். எல்லாவற்றையும் தன் கையால் தொட்டு, கண்ணால் பார்த்து முடித்த அந்த அம்மா, கணவரைக் காட்டி நிதானமாகச் சொன்னார்: "இல்லல்ல, மாட்டுங்க. டயரு எம்பொண்ணுக்கு. இது இவங்க அண்ணன் கண்ணுக்கு."

இப்போதெல்லாம் ஸ்பாய்லர் மாட்டலாமா வேண்டாமா என்று யாராவது என் ஸ்டூல் பக்கம் வந்து நின்றால், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.